தங்கிப் படிச்சவங்களும் தபால்ல படிச்சவங்களும்

சிதம்பரத்துல ரயில் தண்டவாளத்துக்கு மேற்கால கோயில், கிழக்கால யூனிவர்சிட்டி. புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில், கொள்ளிடம்னு சுத்துப்பட்டு ஊர்ல இந்த ரெண்டுல ஒண்ணோடயாவது சம்பந்தம் இல்லாத குடும்பத்தப் பாக்கறது கஷ்டம். யாராவது ஒருத்தர் அங்க படிச்சிருப்பாங்க, இல்லன்னா வேலை பாத்திருப்பாங்க, அதுவும் இல்லன்னா யூனிவர்சிட்டியோட ஆஸ்பத்திரியா இருந்த முத்தையா மெடிக்கல் வாசல்ல ஒரு ராத்திரியாவது துண்ட விரிச்சுப் படுத்திருப்பாங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட வரலாறுன்னு தேடினா ராஜா குடுத்தாரு, துணைவேந்தர் கட்டுனாரு, கடைசில அரசு எடுத்துக்கிச்சுன்னு மேல இருந்தவங்க கதையாவே கெடைக்குது. அதுவும் வேணும்தான், நானும் சொல்லத்தான் போறேன். ஆனா எனக்கு முக்கியமா படுறது, இதுக்குள்ள யாரு வந்து படிச்சாங்க, படிக்க வர்றவங்க மாற மாற யூனிவர்சிட்டி எப்படி மாறிச்சுங்கறது.

1920-ல ஸ்ரீ மீனாட்சி காலேஜ்னு ஆரம்பிக்குது. ஆரம்பிச்சவரு கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார், செட்டிநாட்டு ராஜான்னு பின்னாடி பட்டம் வாங்குனவரு. செட்டிநாடு எங்க இருக்கு, சிதம்பரம் எங்க இருக்கு! நகரத்தாருக்கும் சிதம்பரம் கோயிலுக்கும் தலைமுறை தலைமுறையா பந்தம், திருப்பணிக்குக் கணக்குப் பாக்காம கொட்டிக் குடுத்தவங்க, அந்தப் பந்தத்துலதான் காலேஜும் இங்க வந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன். அந்தக் காலத்துல எங்க பக்கத்துப் பையன் டிகிரி படிக்கணும்னா கும்பகோணம் போகணும், இல்ல திருச்சி, இல்ல மெட்ராஸ். வயக்காட்டு வருமானத்துல வெளியூர்ல ரூம் எடுத்துத் தங்கிப் படிக்க எத்தன குடும்பத்தால முடியும்? காலேஜ் வந்ததே பெரிய விஷயம், அதோட நிக்காம அடுத்தடுத்து தமிழுக்குன்னு தனிக் காலேஜ், இசைக்குன்னு தனிக் காலேஜ்னு தொடங்கிட்டாரு. மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924-லேர்ந்து 1927 வரைக்கும் முதல்வரா இருந்தவரு உ.வே.சாமிநாதையர். ஓலைச்சுவடியத் தேடி ஊர் ஊரா அலைஞ்ச மனுஷன், அறுபத்தொம்பது வயசுக்கு மேல இங்க வந்து பசங்களுக்குப் பாடம் சொல்லியிருக்காரு.

அப்பறம் இந்தக் காலேஜுங்க எல்லாத்தயும் தூக்கிக் குடுத்து, கூட 20 லட்ச ரூபாயும் குடுத்து, யூனிவர்சிட்டியா ஆக்கிக்கங்கன்னு சொன்னாரு அண்ணாமலைச் செட்டியார். அன்னிக்கு 20 லட்சம்! சட்டம் போட்டு 1929 ஜனவரி 1-லேர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்துச்சு. மெட்ராஸ் யூனிவர்சிட்டி 1857-லயே வந்தது, ஆனா அது ரொம்ப காலத்துக்குப் பரீட்சை வச்சு பட்டம் குடுக்கற இடமாத்தான் பெரும்பாலும் இருந்துச்சு, படிப்பெல்லாம் அங்கங்க இருக்கற இணைப்புக் காலேஜுல நடக்கும். இங்க அப்படி இல்ல, எல்லாமே ஒரே வளாகம், வாத்தியார் அங்கயே குடியிருப்பாரு, பசங்க ஹாஸ்டல்ல இருப்பாங்க, கிளாஸ் முடிஞ்சு சாயங்காலம் நடக்கப் போனா ப்ரொபசரும் எதிர்ல நடந்து வருவாரு. ஒரு இணைப்புக் காலேஜும் கெடையாது. தங்கிப் படிக்கிற யூனிவர்சிட்டி. இந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கங்க, பின்னாடி இதுதான் தலைகீழா மாறப் போவுது.

சட்டத்துலயே இன்னொரு ஏற்பாடும் இருந்துச்சு. நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் பதவி பரம்பரையா போகும், துணைவேந்தருக்குப் பேர் சொல்லி அனுப்பற உரிமையும் அவங்ககிட்ட. அரசாங்கச் சட்டத்துல வந்த யூனிவர்சிட்டி, அரசாங்கப் பணமும் உண்டு, ஆனா சாவி ஒரு குடும்பத்துக்கிட்ட. அண்ணாமலைச் செட்டியார் 1948-ல போயிட்டாரு, அப்பறம் மகன் முத்தையா செட்டியார், அவருக்கப்பறம் எம்.ஏ.எம்.ராமசாமி, 2013 வரைக்கும் இப்படித்தான் ஓடுச்சு. குடுத்தவங்களுக்கு மரியாதை வேணும்னு நானும் சொல்வேன், அந்தக் குடும்பம் இல்லன்னா எங்க பக்கம் இவ்வளவு பெரிய படிப்பு வந்தே இருக்காது. ஆனா ஆயிரக்கணக்கான பேர் பொழப்பும் படிப்பும் நம்பி இருக்கற இடத்துல கேள்வி கேக்க ஆள் இல்லாத அதிகாரம் தலைமுறை தாண்டிப் போனா என்ன ஆகும்ங்கறத நாங்க கண்ணால பாத்தோம், அதுக்கு அப்பறம் வரேன்.

வளாகம் இருக்கற இடத்துக்குப் பழைய பேரு திருவேட்களம். ஹாஸ்டல், டிபார்ட்மெண்டு, கிரவுண்டுக்கு நடுவுல பாசுபதேஸ்வரர் கோயில் இன்னிக்கும் இருக்கு. அர்ஜுனன் தவம் பண்ணி பாசுபதம் வாங்குன எடம்னு ஐதீகம். சம்பந்தர், அப்பர் ரெண்டு பேரும் பாடுன தலம். தில்லை எல்லைக்குள்ள ராத்திரி தங்கறதுக்கு மனசு ஒப்பாம, சம்பந்தர் திருவேட்களத்துல தங்கிக்கிட்டு அங்கேர்ந்து நடராஜரக் கும்பிடப் போய் வந்தாருன்னு பெரியபுராணம் சொல்லுது. அரியர் பேப்பர் இருக்கறவங்க பரீட்சை அன்னிக்குக் காலையில ஹால் டிக்கெட்டோட அந்தக் கோயில்ல நிக்கறத நெறையப் பாத்திருக்கேன், சாமி பாதத்துல வச்சுக் குடுங்க குருக்களேன்னு நீட்டுவாங்க.

முதல் பத்து பதினஞ்சு வருஷத்துல இங்க வந்து சேர்ந்த தமிழ் ஆளுங்க பட்டியலப் பாத்தா எனக்கு இன்னமும் பிரமிப்பா இருக்கு. தமிழ்ப் பேராசிரியரா விபுலானந்த அடிகள் 1931-லேர்ந்து 1933 வரைக்கும் இருந்தாரு, இலங்கை மட்டக்களப்புப் பக்கம் பொறந்து, சயின்ஸ் படிச்சு, ராமகிருஷ்ண மடத்துல துறவியானவரு. இங்க இருந்தப்ப பக்கத்துல திருவேட்களம் சேரிக்குப் போய் அங்க இருந்த பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாருன்னு சொல்வாங்க. பின்னாடி 1943-ல இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கே முதல் தமிழ்ப் பேராசிரியரா போனாரு. அவருக்கப்பறம் நாவலர் சோமசுந்தர பாரதியார், கூட பண்டிதமணி கதிரேசன் செட்டியார், கா.சுப்பிரமணிய பிள்ளை. ஒரே காலகட்டத்துல இவங்க எல்லாம் ஒரே வளாகத்துல நடமாடியிருக்காங்க. துணைவேந்தரு யாருன்னா 1935-லேர்ந்து 1940 வரைக்கும் சீனிவாச சாஸ்திரி, இங்கிலீஷ்ல பேசுனா வெள்ளைக்காரனே வாயப் பொளந்து கேப்பான்னு பேரு வாங்குனவரு. அவரு பேர்லதான் சாஸ்திரி ஹால் இருக்கு.

சேரின்னு சொன்னதால இன்னொண்ணயும் சொல்லிடணும். இதே சிதம்பரத்துல காலேஜ் வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 1916-ல, சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியத் தொடங்கிட்டாரு. ஒடுக்கப்பட்ட பிள்ளைங்கள எந்தப் பள்ளிக்கூடத்து வாசல்லயும் ஏத்தாத காலம் அது. தெருத்தெருவா அரிசி, காசு கேட்டு நடத்துனாரு. ராஜா குடுத்த யூனிவர்சிட்டி பத்தி பக்கம் பக்கமா எழுதறவங்க இதச் சொல்றதே இல்ல. பத்தாவது வரைக்கும் ஒருத்தர் தூக்கி விட்டாத்தான் அடுத்தாப்ல யூனிவர்சிட்டி கேட் வரைக்கும் ஒரு புள்ள போய் நிக்க முடியும். எங்க பக்கத்துப் படிப்போட வரலாறுன்னா ரெண்டயும் சேத்துத்தான் சொல்லணும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

தமிழிசை இயக்கமும் இங்கேர்ந்துதான் சூடு புடிச்சுது. கச்சேரின்னா தெலுங்கு கீர்த்தனை, சமஸ்கிருதம், கடைசில துக்கடாவா ரெண்டு தமிழ்ப் பாட்டுன்னு இருந்த காலம். தமிழ்நாட்டு மேடையில தமிழ்ப் பாட்டு முழுசா கேக்கணும்னு அண்ணாமலைச் செட்டியார் எறங்குனாரு, 1941-ல அண்ணாமலைநகர்ல தமிழிசை மாநாடு நடந்துச்சு. மெட்ராஸ் சங்கீத வித்வான்கள்ல ஒரு பக்கம் பயங்கர எதிர்ப்பு, சங்கீதத்துல மொழிய நுழைக்கறீங்களான்னு. கல்கி மாதிரி ஆளுங்க இந்தப் பக்கம் நின்னு எழுதுனாங்க. 1943-ல சென்னையில தமிழ் இசைச் சங்கம் வந்துச்சு. யூனிவர்சிட்டி பழைய தமிழ்ப் பாட்டுங்கள ஸ்வரம் போட்டு வரிசையா புத்தகமா வெளியிட்டுச்சு. இசைக் கல்லூரியில சபேசய்யர், தஞ்சை நால்வர் பரம்பரையில வந்த பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார், பின்னாடி தண்டபாணி தேசிகர்னு பாடம் சொன்னாங்க. பாட்டு, வீணை, நாதஸ்வரம், தவில்னு யூனிவர்சிட்டி பட்டம் வாங்கற அளவுக்கு அதுக்கு ஒரு எடம் கெடச்சுதுங்கறது, வாசிக்கற குடும்பத்துல பொறந்தவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. கல்யாண வீட்ல திண்ணையோரமா உக்கார வச்ச கலைக்கு கிளாஸ் ரூம்ல மேடை போட்டுக் குடுத்துருக்காங்க.

தங்கிப் படிக்கிற எடம்னாலே அரசியலும் கூடவே தங்கும். ராத்திரி மெஸ்ல சாப்டுட்டு ரூம்ல உக்காந்து விடிய விடியப் பேசுனா வேற என்ன நடக்கும்! நெடுஞ்செழியன், அன்பழகன்லாம் இங்க தமிழ் படிச்சுட்டுப் போனவங்க, திராவிட இயக்கம் மேடைத் தமிழுக்கு இந்த ஹாஸ்டலுங்களுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கு. 1965-ல இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் வந்தப்ப ஜனவரி 27-ஆம் தேதி போலீஸ் சுட்டதுல ராஜேந்திரன்ங்கற மாணவர் செத்துப் போனாரு. சிவகங்கைக்காரரு, அப்பா போலீஸ்ல வேலை பாத்தவரு. போலீஸ்காரர் பையன் போலீஸ் குண்டுல போயிருக்கான், அந்த அப்பாவ நெனச்சா எனக்கு இன்னிக்கும் வயித்தப் பெசையும். யூனிவர்சிட்டி முன்னாடி ராஜேந்திரன் சிலை இருக்கு, மொழிப்போர் நாள் வந்தா எல்லாக் கட்சியும் மாலையோட வரும். 1971-ல கருணாநிதிக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்தப்பயும் மாணவர் எதிர்ப்பு, தடியடி, அதுல உதயகுமார்ங்கற மாணவர் சாவு, அதுக்கு விசாரணைக் கமிஷன்னு பெரிய ரணம். அத மட்டும் ஊர்ல இன்னும் கொரல தாழ்த்தித்தான் பேசுவாங்க.

இன்ஜினியரிங் 1945-ல வந்துச்சு, சுதந்திரத்துக்கு முன்னாடியே. அப்பறம் விவசாயம். எனக்கு ரொம்ப புடிச்சது ரெண்டு டிபார்ட்மெண்டு. ஒண்ணு மொழியியல். தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் இருந்த காலத்துல வளந்தது, 60-கள்லயே இந்திய அளவுல உயராய்வு மையம்னு அங்கீகாரம் வாங்குனது. எழுத்தே இல்லாத மலைவாழ் மக்களோட பேச்சயெல்லாம் போய் உக்காந்து கேட்டு இலக்கணம் எழுதியிருக்காங்க, நீலகிரி இருளர் பேச்சு உட்பட. தேவநேயப் பாவாணரும் 1956-லேர்ந்து அஞ்சு வருஷம் இங்க வேலை பாத்தாரு. தெ.பொ.மீ. இங்கேர்ந்துதான் 1966-ல புதுசா வந்த மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தரா போனாரு. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தரான வ.அய்.சுப்பிரமணியமும் இங்க தமிழ் படிச்சவருதான். மத்த யூனிவர்சிட்டிங்க பொறக்கறப்ப ஆளு அனுப்புன எடம் இது.

இன்னொண்ணு பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடல்ல கலக்கற முகத்துல, 1961-ல வந்த கடல் உயிரியல் மையம். போர்ச்சுக்கீசியரு, டச்சுக்காரரு, இங்கிலீஷ்காரரு எல்லாம் யாவாரம் பண்ண ஊரு, 1781-ல ஹைதர் அலியும் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டும் மோதுன ஊரு, வெள்ளைக்காரன் இரும்பு ஆலை வச்சுப் பாத்த ஊரு, அப்பறம் எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க. அங்க ஆத்து உப்புத் தண்ணியையும் எறாலையும் நண்டையும் மீன் முட்டையையும் படிக்கறதுக்குன்னு ஒரு மையம் வச்சது எவ்வளவு பொருத்தம் பாருங்க. பக்கத்துலயே பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. 2004 சுனாமி வந்தப்ப, காடு மறைச்ச ஊர்ல சேதம் கம்மியா இருந்துச்சுன்னு மீனவ ஜனங்க சொன்னாங்க. பரங்கிப்பேட்டை ஆராய்ச்சியாளர் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குப்பங்களக் கணக்கெடுத்து 2005-ல கட்டுரை வெளியிட்டாங்க, கடல்லேர்ந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, நடுவுல எவ்வளவு காடுன்னு வச்சு. ஒடனே வெளிநாட்டு ஆளுங்க சிலர், தூரமும் மேடும்தான் காரணம், காட்டுக்கு அவ்வளவு பங்கு இல்லன்னு மறுத்து எழுதுனாங்க. இந்த வாதம் உலக அளவுல போச்சு. சரி தப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், நம்ம ஊர் குப்பத்துல நடந்தத நம்ம ஊர் யூனிவர்சிட்டி ஒடனே போய் அளந்து உலகத்து முன்னாடி வச்சுது. வட்டார யூனிவர்சிட்டின்னா இதுக்குத்தான்னு எனக்குத் தோணும்.

இப்ப அந்தத் தலைகீழ் கதைக்கு வரேன். 1979-ல அஞ்சல்வழிக் கல்வி ஆரம்பிக்கறாங்க. தங்கிப் படிக்கிறதுக்குன்னே உண்டான யூனிவர்சிட்டி, தபால்ல பாடம் அனுப்ப ஆரம்பிச்சுது. அப்ப யாரும் பெருசா நெனச்சிருக்க மாட்டாங்க. அடுத்த இருவது முப்பது வருஷத்துல அதுதான் யூனிவர்சிட்டியோட பெரிய உடம்பாவே ஆயிடுச்சு. தமிழ்நாடு பூராவும், வெளி மாநிலம், வெளிநாடு வரைக்கும் படிப்பு மையம். பஸ் கண்டக்டர், போலீஸ்காரர், ஆபீஸ் கிளார்க்கு, செகண்டரி கிரேடு டீச்சர், பட்டாளத்துலேர்ந்து வந்தவரு, கல்யாணம் ஆகி படிப்ப நிறுத்துன பொண்ணுங்க. "அண்ணாமலையில போட்ருக்கேன்"னு சொன்னா டிகிரிக்குப் பணம் கட்டிருக்காங்கன்னு புரிஞ்சுக்கணும்.

எங்க அத்தை அதுல படிச்சவங்கதான். சத்துணவு அமைப்பாளரா இருந்தாங்க, பன்னெண்டாவதோட கட்டிக் குடுத்துட்டாங்க, ரெண்டு புள்ள பொறந்தப்பறம் பி.ஏ. தமிழ் போட்டாங்க. பார்சல் வர்ற அன்னிக்கு நான் அங்க இருந்திருக்கேன். கோணிக் கலர் பேப்பர் சுத்தி சணல் போட்டுக் கட்டுன கட்டு, போஸ்ட்மேன் சைக்கிள் கேரியர்லேர்ந்து எறக்கி, கையெழுத்து வாங்கிட்டு, "அம்மாவுக்கு வக்கீல் படிப்பா?"ன்னு கேட்டுட்டுப் போவாரு. அத்தை சணல வெட்ட மாட்டாங்க, முடிச்ச அவுத்து, சுருட்டி மாடத்துல வப்பாங்க. உள்ள மெல்லிசான புத்தகங்க, அட்டையில யூனிவர்சிட்டி சின்னம், உள்ள பொடி எழுத்து, தாளத் திருப்புனா பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். தொல்காப்பியம், நன்னூல், யாப்பு, ஒப்பிலக்கியம்னு தனித்தனியா. ஒவ்வொண்ணுக்கும் பழைய காலண்டர் தாள்ல அட்டை போடுவாங்க, சாமி படம் வெளிப்பக்கம் வராம பாத்துக்குவாங்க, சாப்புடற எடத்துல வைக்கப் போறதால.

காலையில அஞ்சு மணிக்குக் கண்ணு முழிச்சா அடுப்புக்கு முன்னாடி பலகையப் போட்டு உக்காந்துட்டு சத்தமா படிப்பாங்க. புறநானூறும் உலை கொதிக்கற சத்தமும் ஒண்ணா கேக்கும். மதியம் நூறு புள்ளைங்களுக்குச் சோறு, சாம்பார், கணக்கு நோட்டு, முட்டை எண்ணிக்கை. ராத்திரி மறுபடி புத்தகம். மாமா கொத்தனார், எட்டாவது தாண்டாதவரு. நாங்க பசங்க கூச்சல் போட்டா, "டேய், உங்க அத்தைக்குப் பரீட்சைடா, வெளில போயி வெளையாடுங்கடா"ன்னு வெரட்டுவாரு. பரீட்சை சென்டர் சிதம்பரத்துல ஒரு ஸ்கூலு. வாசல்ல புளிய மரத்து நெழல்ல கைக்கொழந்தயத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு ஆம்பளைங்க நின்னுட்டு இருப்பாங்க, உள்ள அந்தக் கொழந்தைங்களோட அம்மா எழுதிட்டு இருப்பா. தலை நரைச்சவரு ஒருத்தரு காக்கி பேண்ட்ல, டூட்டி முடிச்ச கையோட வந்து, பென்சில் டப்பாவ வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அத்தைக்கு ஒரு பேப்பர் போயி மறுபடி எழுதி, கடைசில பாஸ் பண்ணாங்க. அந்த டிகிரிய வச்சுத்தான் பின்னாடி ஆபீஸ் வேலைக்கு மாறுனாங்க. அவங்க ரெண்டு பொண்ணும் ரெகுலர் காலேஜ் போச்சு, கேள்வியே வரல, அம்மாவே டிகிரிங்கறப்ப பொண்ண எதுக்கு நிறுத்துவீங்க?

இத நான் இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தொலைதூரக் கல்வின்னாலே "காசு கட்டுனா டிகிரி"ன்னு இளப்பமா பேசறவங்கள நெறையப் பாக்கறேன். தரத்துல கொறை இருந்துச்சு, அத நான் மறைக்கல, புத்தகம் லேட்டா வரும், எழுதிப் பழக ஆள் இருக்காது, பேப்பர் திருத்தறதுல வேகம்தான் இருக்கும். ஆனா இந்த ஜனங்க கட்டுன பணத்துலதான் யூனிவர்சிட்டி பல வருஷம் ஓடுச்சு. வளாகத்துக்குள்ள ஒரு தடவ கூட கால் வைக்காதவங்களோட மணியார்டரும் டிடியும்தான் அங்க கட்டடமா, சம்பளமா, பென்ஷனா மாறிச்சு. பல் மருத்துவக் காலேஜ் 1980-ல, முத்தையா மெடிக்கல் 1985-லன்னு வளர்ந்துக்கிட்டே போன காலமும் அதேதான். அந்தப் பணத்துல பாதி கவனமாவது அவங்க பாடப் புத்தகத்து மேல வச்சிருக்கணும்.

பணம் வர வர ஆளும் எடுத்தாங்க. எடுத்துக்கிட்டே இருந்தாங்க. எங்க ஊர்ப் பக்கம் கல்யாண மாப்பிள்ளைக்கு "யூனிவர்சிட்டில வேலை"ன்னா அப்ப தனி மதிப்பு, அந்த வேலைக்காக நெலத்த வித்துப் பணம் குடுத்தோம்னு ஊர்ல பேசிக்காத டீக்கடை இல்ல. 2012 வாக்குல பாத்தா 12,000-க்கும் மேல ஸ்டாஃப். வரவு அதுக்கு ஈடு குடுக்கல. 2012 கடைசில சம்பளத்துல கை வைப்போம், ஆளக் கொறைப்போம்னு பேச்சு வந்ததும் ஸ்ட்ரைக். எங்க பக்கத்துல தெருவுக்கு ரெண்டு வீடு அந்தச் சம்பளத்த நம்பி இருந்துச்சு, மளிகைக் கடைக்காரரு கடன் நோட்ட மூடி வச்சுட்டாரு. 2013 ஏப்ரல்ல அரசு ஷிவ் தாஸ் மீனா ஐஏஎஸ்ஸ நிர்வாகியா போட்டுச்சு, அந்த வருஷமே புதுச் சட்டம், குடும்பத்துக்கிட்ட இருந்த சாவி அரசுக்கிட்ட வந்துச்சு. அதிகப்படியா இருந்தவங்கள கொத்துக் கொத்தா வேற மாவட்டத்து ஆபீஸுக்கும் அரசுக் காலேஜுக்கும் அனுப்புனாங்க. அம்பது வயசுல பொட்டி தூக்கிட்டு தெரியாத ஊர்ல ரூம் எடுத்தவங்கள எனக்குத் தெரியும். சம்பளம் நிக்கலங்கற நிம்மதி ஒரு பக்கம், இந்த வயசுல இது என்ன பொழப்புங்கற அழுகை ஒரு பக்கம்.

அதே நேரத்துல தொலைதூரக் கல்விக்கும் அடி. மாநில யூனிவர்சிட்டி அதோட மாநிலத்துக்கு வெளில மையம் நடத்தக் கூடாதுன்னு யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2013-ல சொல்லிருச்சு. அப்பறம் அனுமதி விஷயத்துல இழுபறி. 2014-15-க்கு அப்பறம் அனுமதியே இல்ல, அதுக்குப் பின்னாடி படிச்ச டிகிரி செல்லாதுன்னு 2022-ல யூஜிசி பகிரங்கமா அறிவிச்சப்ப, படிச்சவங்க கதி என்ன? அவங்க யூஜிசி லெட்டரப் பாத்துட்டா சேர்ந்தாங்க? அண்ணாமலைங்கற பேர நம்பிச் சேர்ந்தாங்க. அத்தை மாதிரி காலையில அஞ்சு மணிக்கு எழுந்து படிச்சவங்க அந்தக் கூட்டத்துலயும் இருந்திருப்பாங்க இல்ல? இதுல எனக்கு இருக்கற கோவம் எறங்கவே மாட்டேங்குது. அனுமதி விவகாரம் ரெண்டு ஆபீஸுக்கு நடுவுல, தண்டனை படிச்சவங்களுக்கு.

மெடிக்கல் காலேஜு அரசுகிட்ட வந்தும் ஃபீஸ் மட்டும் பழைய மாதிரியே லட்சக்கணக்குல இருந்துச்சு, மத்த அரசு மெடிக்கல் காலேஜுல பதினாலாயிரத்துக்குள்ள. 2020 டிசம்பர்லேர்ந்து பசங்க வளாகத்துலயே உக்காந்து போராடுனாங்க, ஹாஸ்டல மூடியும் நகரல. 2021 ஜனவரில காலேஜ் சுகாதாரத் துறைக்குப் போச்சு, இப்ப அது கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி. ஊர்ல இன்னும் "முத்தையா மெடிக்கல்"தான்.

இப்ப ரொம்ப பேர் கவனிக்காத மூணாவது மாத்தம் நடந்துக்கிட்டு இருக்கு. சிதம்பரம் அரசுக் கலைக் கல்லூரி சி.முட்லூர்ல இருக்கு, யூனிவர்சிட்டிக்குப் பக்கத்துலயேதான். ஆனா 2021 வரைக்கும் அந்தக் காலேஜு பசங்களுக்கு யூனிவர்சிட்டி வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். சர்டிபிகேட்ல ஒரு எழுத்துப் பெசகுன்னா ராத்திரி பஸ் ஏறி விழுப்புரம், திருவண்ணாமலை தாண்டி வேலூர் போக வேண்டியிருந்துச்சு. மயிலாடுதுறைக்காரங்களுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். 2021-ல சட்டம் திருத்தி, விழுப்புரத்துல புதுசா வந்த யூனிவர்சிட்டிய இதோட சேத்து, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டத்துக் கலை அறிவியல் காலேஜுங்கள அண்ணாமலையோட இணைச்சாங்க. அந்தச் சட்டத்துக்கு அரசியல் சண்டை ஏகப்பட்டது, விழுப்புரத்துக்காரங்க வருத்தத்துல நியாயமும் இருக்கு. ஆனா 1929-லேர்ந்து ஒரு இணைப்புக் காலேஜும் இல்லாம இருந்த யூனிவர்சிட்டிக்கு, தன்னோட சுத்துவட்டாரத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பு சட்டப்படி வந்தது இதுதான் முதல் தடவ. இங்கேர்ந்து அனுப்பப்பட்ட வாத்தியாருங்கள்ல சில பேர் அதே அரசுக் காலேஜுங்கள்ல ஏற்கெனவே பாடம் எடுத்துக்கிட்டு இருக்காங்க.

இணைப்புன்னா பரீட்சை ஃபீஸும் மார்க் ஷீட்டும் மட்டும்னு ஆக்கிடக் கூடாதுங்கறதுதான் என் பயம். திட்டக்குடில, கள்ளக்குறிச்சில பி.ஏ. தமிழ் படிக்கற புள்ளைக்கு சி.பி.ராமசாமி ஐயர் லைப்ரரில உக்காந்து படிக்க ஒரு கார்டு குடுக்கலாம், லீவு நாள்ல ஹாஸ்டல்ல பத்து நாள் தங்க வைக்கலாம், ரூம் காலியாத்தான கெடக்கு. கடலோரக் காலேஜுல விலங்கியல் படிக்கறவங்கள பரங்கிப்பேட்டைக்கு ஒரு வாரம் கூட்டிட்டுப் போகலாம். மொழியியல்லயும் இசையிலயும் ரிட்டயர் ஆகுற எடத்த நெரப்பணும், அத விட்டா இந்த ரெண்டும் இந்த அளவுக்கு எங்க பக்கத்துல வேற எங்கயும் இல்ல. 2015-க்கு அப்பறம் தொலைதூரத்துல படிச்சவங்களுக்கு மறுபடி பரீட்சையோ, பிரிட்ஜ் கோர்ஸோ, என்ன வழியோ அத யூனிவர்சிட்டியும் அரசும் யூஜிசியும் ஒண்ணா உக்காந்து முடிக்கணும். இதுல எனக்கு முதல்ல வேணும்னு படுறது இந்தக் கடைசி விஷயம்தான், அவங்க இன்னமும் அந்த மார்க் ஷீட்ட வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆபீஸா ஏறி எறங்கிட்டு இருக்காங்க.